எடை குறைஞ்ச கேன்

எங்க வீட்டுல ஒரே ஒரு சட்டம்தான். தண்ணி யார் கையில தீருதோ, அவன்தான் காலி கேனை எடுத்துட்டு புது கேனை, சூடாவும் குளிராவும் தண்ணி தர்ற மெஷின் மேல கவுக்கணும். சமையலுக்கு முறை கிடையாது. கூட்டிப் பெருக்க முறை கிடையாது. பாத்ரூமுக்கு தினம் சண்டை. ஆனா கேன் விஷயத்துல மட்டும் யாரும் எதிர்ப்பேச்சு பேசினதில்ல. நாங்க நாலு பேரும் வீடு மாத்துற கம்பெனியில வேலை பாக்குறவங்க. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜுன்னு அடுத்தவன் வீட்டுச் சாமானை மாடிப்படியில தூக்கி இறக்குறதுதான் பொழப்பு. அந்த வீட்டுல உக்காந்துகிட்டு, தண்ணி கேன் தூக்க முடியலன்னு எவன் சொல்லுவான்?

நான் சொல்லியிருக்கணும். சொல்லல.

மழை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒரு பீரோவை இறக்குறப்ப, படி வளைவுல எனக்குக் கால் இடறிருச்சு. பீரோவுக்கு ஒரு கீறல் கிடையாது. என் இடுப்புலதான் என்னமோ கம்பி அறுந்த மாதிரி ஆச்சு. அதுலருந்து சட்டைக்குள்ள பெல்ட் கட்டிக்கிட்டு அலையிறேன். வேலைக்குப் போன இடத்துல முந்திக்கிட்டு ஓடி தலகாணி, விளக்கு, திரைச்சீலை இதையெல்லாம் அள்ளிக்குவேன்.

"என்னய்யா, இப்பல்லாம் தலகாணி மேல ரொம்ப பாசமா இருக்க?" அப்படின்னு எங்களை வேலை வாங்குற மேஸ்திரி ஒரு நாள் கேட்டாரு.

"பொண்டாட்டி ஞாபகம், மேஸ்திரி."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சாலும் வலிச்சுது.

இந்த மேஸ்திரியும் எங்களோட அதே வீட்டுலதான் இருந்தாரு, முன் ரூம்ல. என்னை விட கொஞ்சம் மூத்தவரு. வருஷா வருஷம் எங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசத்துல, ஆபீஸ்ல அவரைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேப்பாங்க. யாரு தூக்குறான், யாரு தூக்கல? போன தடவை, எங்களோட இருந்த முட்டி போன ஒருத்தரைப் பத்தி 'தூக்கல'ன்னு சொன்னாரு. கொஞ்ச நாள்ல அந்த மனுஷன் ஊருக்குக் கிளம்பிட்டாரு. அவர் பெட்டியை நாங்கதான் கட்டிக் குடுத்தோம். நல்லாவே கட்டினோம், அதுதானே தொழில். இப்ப மறுபடியும் அந்த மாசம் பக்கத்துல வந்துருச்சு. என் பொண்ணு நர்ஸிங் படிச்சுக்கிட்டிருக்கா. அவ முடிக்கிற வரைக்கும் நான் தூக்குறவனாத்தான் இருந்தாகணும்.

மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தன் என் பொண்டாட்டியோட தம்பி, லாரி ஓட்டுறான். நல்ல பையன், ஆனா வாய் ஓட்டை. இங்க நான் தும்மினா ஊர்ல அவன் அக்கா 'ஆவி பிடிச்சீங்களா'ன்னு ஃபோன் பண்ணுவா. அதனால அவனுக்கும் தெரியக் கூடாது. இன்னொருத்தன் எங்கள்ல சின்னவன், பெட்டி கட்டுறதுல கெட்டிக்காரன். எந்நேரமும் மணிக்கட்டுல ஒட்டுற டேப்பை வளையல் மாதிரி மாட்டியிருப்பான். தூங்குறப்பவும் கழட்டுறானான்னு சந்தேகம்தான். அவனுக்குப் பேரே டேப்.

கேனுக்கு வரேன். முதல்ல நான் செஞ்சது, தண்ணி தீர்ற மாதிரி இருந்தா குடிக்காம விட்டுர்றது. கடைசி டம்ளர் என் கையில தீர்ந்துடக் கூடாதுல்ல? கேன்ல அடியில விரல் அளவு தண்ணி நின்னுக்கிட்டே இருக்கும். தாகத்தோட போய்ப் படுப்பேன். வீட்டுக்காரி ஃபோன்ல வழக்கமா கேக்குறதைக் கேப்பா.

"தண்ணி நிறைய குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன், குடிக்கிறேன்."

"குரலே வறண்டு போயிருக்கே."

"இங்க காத்து அப்படி."

எத்தனை நாளைக்கு இப்படி ஓட்டுறது? அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். வார லீவு எனக்கு மட்டும் வேற நாள்ல, அன்னைக்கு வீட்டுல தனியா இருப்பேன். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி முழு கேனுங்க வரிசையா நிக்கும். அதுல முன்னாடி நிக்கிற கேனோட மூடியை மெதுவா நெம்பி, ரெண்டு மூணு ஜக்கு தண்ணியை எடுத்து சோத்துப் பானையில ஊத்திட்டு, மறுபடி மூடி, சுத்தி கண்ணாடி டேப்பை ஒட்டிருவேன். பிரிச்சதைப் பிரிக்காத மாதிரி ஒட்டத் தெரியலன்னா எங்க கம்பெனியில ஒரு நாள் ஓட்ட முடியாது. எப்பவாவது தண்ணி என் கையில தீர்ந்தா, அந்த எடை குறைஞ்ச கேனைக் கட்டிப்பிடிச்சு, மூச்சைப் பிடிச்சு ஏத்திருவேன். ரெண்டு தடவை அப்படித்தான் தப்பிச்சேன்.

மூணாவது தடவை தண்ணி தீர்ந்தது டேப்போட கையில.

சாயங்காலம், எல்லாரும் வேலை முடிஞ்சு வந்த நேரம். அவன் போய் கேனைப் பிடிச்சு எப்பவும் போல ஒரு உந்து உந்தினான். அவன் கை முழு கேனுக்குத் தயாராயிருக்கு, கேன் அந்த அளவுக்கு இல்ல. விருட்டுன்னு தலைக்கு மேல எகிறி, விளக்குல இடிச்சு, ஆளு பின்னாடி ரெண்டடி போயிட்டான்.

"யோவ்! என்னய்யா இது, பஞ்சு மாதிரி வருது?"

மச்சான் வாங்கிப் பார்த்தான். "ஆமா, பாதிதான்டா இருக்கு."

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. மாட்டிக்கிட்டோம்னு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாதியா? நான் எடுத்தது ரெண்டு மூணு ஜக்குதானே?

மேஸ்திரி முன் ரூம்லருந்து வந்தாரு. கேனைத் தொட்டுக் கூட பாக்கல. "திருட்டுப் பய! கேன்காரன் அளவுல கை வைக்கிறான்!"ன்னு அந்தத் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினாரு. இவருக்கு இவ்வளவு கோவம் வந்து நான் பார்த்ததில்ல. டிவியை ஒருத்தன் படியில போட்டு உடைச்சப்ப கூட 'சரி விடு'ன்னவரு.

மறுநாள் காலையில கேன்காரர் வந்ததும் வாசல்லயே பிடிச்சுக்கிட்டாரு.

"எங்க கைதான் தராசு, தெரியுமா? எங்ககிட்டயே எடையைக் குறைக்கிறியா?"

கேன்காரர் பாவம், வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நின்னாரு. "ஐயா, சீல் போட்டு வருது. நான் என்ன வழியில உறிஞ்சியா குடிச்சேன்? இந்த மூடியைப் பாருங்க, டேப்பு ஒட்டியிருக்கு. இது எங்க டேப்பு இல்ல."

"டேப்பு எல்லாக் கடையிலயும்தான் விக்குது!" மேஸ்திரி மூடியைப் பிடுங்கிக்கிட்டாரு.

நான் நடுவுல புகுந்து "விடுங்க மேஸ்திரி, தப்பு எங்கயோ நடந்திருக்கும்"னு சொன்னேன். அடுத்த தடவை கேன்காரர் வந்தப்ப தோள்ல ஒரு கொக்கித் தராசைத் தொங்கவிட்டுக்கிட்டு வந்தாரு. "தராசுங்களா, நீங்களே எடை போட்டு வாங்கிக்கங்க"ன்னு ஒவ்வொரு கேனா மாட்டிக் காட்டினாரு. மேஸ்திரி ஜன்னல் பக்கமா திரும்பி நின்னுக்கிட்டாரு.

அன்னைக்கு நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். டேப் பக்கத்துல வந்து நின்னு, மணிக்கட்டுல இருக்கிற டேப்பை உருட்டிக்கிட்டே குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒட்டுறப்ப நுனியை மடிச்சு விடணும்ணே. எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்?"

நான் கையில தட்டோட குழாயை மூடினேன்.

"அந்த மூடியை நான் குப்பையிலருந்து எடுத்துப் பார்த்தேன். ரெண்டு சுத்து ஒட்டியிருக்கு. அடியில இருக்கிறது உங்க கை, எனக்குத் தெரியும், எப்பவும் இடப்பக்கமா சுத்துவீங்க. மேல ஒட்டினது யாருன்னு தெரியல. ஆனா அது உங்களை விட மோசம்ணே. தொழிலுக்கே கேவலம்."

"டேய்…"

"நான் யாருகிட்டயும் சொல்லல. இடுப்பா?"

அவன் தட்டை வாங்கி அடுக்கிட்டுப் போயிட்டான்.

மேல் சுத்து யாருன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சுது. கீழ் வீட்டு அம்மா சண்டைக்கு வந்தாங்க. எங்க பால்கனியிலருந்து தண்ணி சொட்டி, அவங்க காயப்போட்ட துணியெல்லாம் நாசமாம். பால்கனியில யாரோ வீடு மாறுறப்ப விட்டுட்டுப் போன ஒரு பூந்தொட்டி இருந்துச்சு. நாங்க எடுத்துட்டு வந்தப்பவே அரை உசுரு, யாரும் சீண்டுனதில்ல. போய்ப் பார்த்தா தொட்டி முழுக்க சேறு. தட்டு ரொம்பி வழியுது. இலையெல்லாம் தண்ணி அதிகமாகி மஞ்சளாத் தொங்குது. அந்த பால்கனிக்கு மேஸ்திரி ரூம் வழியா மட்டும்தான் போக முடியும். கேன்ல குறைஞ்ச மிச்சத் தண்ணி இங்கதான் வந்திருக்கு.

நான் ஒட்டினதுக்கு மேல அவரு ஒட்டியிருக்காருன்னா, அந்த மூடியை ஏற்கெனவே ஒருத்தன் தொறந்திருக்கான்னு அவருக்கும் தெரியும். ஆளு யாருன்னும் தெரிஞ்சிருக்கும். தலகாணி கேள்வி அப்பதான் எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. அவரும் தூக்க முடியாதவருன்னு தெரிஞ்சதுல எனக்கு நிம்மதி வரல, பயம்தான் வந்துச்சு. தன்னைக் காப்பாத்திக்க ஒரு ஆளைக் கை காட்டணும்னா, பக்கத்துலயே நான் இருக்கேனே.

அந்த வாரக் கடைசியில மேஸ்திரியே, "இந்தப் பழைய மெஷினே சரியில்ல. புதுசு வாங்குவோம்"னாரு. பழசு சரியில்லதான். பச்சைக் குழாய் சொட்டும், அடித் தட்டுல பாசி, சூட்டுத் தண்ணியில உப்பு வெள்ளை வெள்ளையா மிதக்கும். மாசம் ஒரு தடவை எலுமிச்சை உப்பு போட்டுக் கழுவணும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதோட சரி.

கடையில ஒரு பொண்ணு காட்டினா. நாங்க சாமானை முன்பக்கம் பாக்குற வழக்கமில்ல. பின்னாடி தள்ளி, சாய்ச்சு, அடியைப் பார்ப்போம்.

"சார், குழாய் முன்னாடி இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு குழம்பிப் போயிட்டா.

"தெரியும்மா. வடிகால் மூடி எங்க இருக்குன்னு பாக்குறோம். அது கைக்கு எட்டாத மெஷினை எவனும் கழுவ மாட்டான்"னு மச்சான் சொன்னான். "எத்தனை வீட்டுல பாத்திருக்கோம். முன்னாடி கண்ணாடி மாதிரி பளபளப்பு, பின்னாடி கரப்பான் குடும்பத்தோட குடியிருக்கும்."

எப்பவும் சாய்ச்சுப் பாக்குறது மேஸ்திரிதான், அடுத்தவனைத் தொட விடமாட்டாரு. அன்னைக்கு, "டேப், நீ சாய்டா"ன்னுட்டு தள்ளி நின்னாரு. அவர் வலது கை இடுப்புக்குப் பின்னாடி போய் ஒரு இடத்தை அழுத்திச்சு. எனக்கு அந்த இடம் நல்லாத் தெரியும். நானும் அங்கதான் அழுத்துவேன்.

குழாய்த் தண்ணியில நேரா மாட்டுற மெஷின் ஒண்ணு இருந்துச்சு. வீட்டுக்காரர் சுவத்துல ஆணி அடிக்கவே விடமாட்டாரு, அதனால அது ஆகாது. மிச்சம் ரெண்டு வகை. ஒண்ணு எங்ககிட்ட இருந்தது மாதிரி, மேல கவுக்குறது. இன்னொண்ணுல கேன் கீழ, ஒரு கதவுக்குள்ள நிக்கும். உள்ள குழாயை விட்டுட்டா மோட்டார் தண்ணியை மேல இழுத்துக்கும்.

"இது எப்படி?"ன்னு மேஸ்திரி கீழ வைக்கிறதைக் காட்டினாரு. "மேல கேன் நின்னா பார்வைக்கு நல்லாயில்லையே."

மச்சான் வாயைப் பொத்திக்கிட்டான். ஜன்னல் கம்பியில பனியனைக் காயப்போடுற மனுஷன் பார்வையைப் பத்தி பேசுறாரு.

"அது எதுக்கு மேஸ்திரி? கரண்ட்டு போனா தண்ணி வராது"ன்னான் மச்சான். "மேல கவுக்குறதுதான் நமக்குச் சரி. நாலு ஆம்பளைங்க இருக்கோம், மோட்டார் என்னத்துக்கு?"

அந்தப் பொண்ணு நல்ல மனசோடதான் சொன்னா. "இல்ல சார், வீட்டுல அப்பா மாதிரி வயசானவங்க இருந்தா கீழ வைக்கிறதுதான் நல்லது. தூக்கவே வேண்டாம், தரையிலயே தள்ளி விட்டுறலாம்."

சொல்றப்ப அவ மேஸ்திரியைப் பார்த்தா.

மேஸ்திரி முகம் சுண்டிப் போச்சு. "யாருக்கும்மா வயசாச்சு? எங்க வீட்டுல வயசானவங்க யாரும் இல்ல." விடுவிடுன்னு மேல கவுக்குற மெஷின் பக்கம் போய் நின்னுட்டாரு. "இதையே போடும்மா."

அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இன்னும் சில வருஷத்துக்குக் கடைசி டம்ளரைப் பார்த்துப் பார்த்து தாகத்தோட படுக்கணும். இல்ல, ஒரு நாள் எல்லார் முன்னாடியும் அந்தக் கேனைக் கீழ போடணும். அவரும்தான். ஒரு வார்த்தை சொன்னா போதும், ஆனா எந்த வார்த்தையைச் சொன்னாலும் ரெண்டு பேர்ல ஒருத்தர் மாட்டுவோம்.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம்"னேன். "வயசானவங்களுக்குத்தான் கீழ வைக்கிறதுன்னு எவன் சொன்னான்? மேல கவுக்குறதுல கேன் கழுத்து நேரா டேங்க்குக்குள்ள போகுது. அந்தக் கேனு லாரியில உருண்டு, தெருவுல உருண்டு வருது. அந்த அழுக்கைத்தானே இத்தனை நாளா குடிச்சோம்? முட்டிக்காரருக்கு வயித்தால போனதே அதுலதான்."

முட்டிக்காரருக்கு எதுல போச்சுன்னு எனக்குத் தெரியாது. பேச்சு ஓட்டத்துல வந்துருச்சு.

"கழுத்தைத் துடைச்சுட்டு கவுத்தா முடிஞ்சுது"ன்னான் மச்சான். "மாமாவுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்வம்?"

அப்பதான் டேப், சாய்ச்சுப் பிடிச்சிருந்த மெஷினை நிமித்தி வச்சுட்டு, "கீழ வைக்கிறதே வாங்குவோம்ணே. எனக்கு இந்தக் கேனைத் தூக்குறது ரொம்ப நாளாவே பிடிக்கல"ன்னான்.

எல்லாரும் அவனைப் பார்த்தோம். எங்கள்ல கட்டுமஸ்தான ஆளு அவன்தான். ஃப்ரிட்ஜைத் தனியா முதுகுல ஏத்துறவன்.

"தூக்குறதுக்குத் தானே கம்பெனியில சம்பளம் வாங்குறேன். வீட்டுக்கு வந்தும் தூக்கணுமா? எனக்கு அலுப்பா இருக்கு. அவ்வளவுதான்."

அலுப்புன்னு சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு அவன் சொன்னப்பதான் தோணுச்சு. மேஸ்திரி கீழ வைக்கிற மெஷின் பக்கம் திரும்பி வந்தாரு. "சின்னப் பய ஆசைப்படுறான். வாங்கித் தொலைவோம்"னாரு.

லாரியில நிமித்தியே கட்டிக் கொண்டாந்தோம். வந்ததும் ஸ்விட்ச் போடக் கூடாது, உள்ள இருக்கிற குளிர் மெஷின் அசைஞ்சது அடங்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா. அடங்குற வரைக்கும் நாலு பேரும் அதைச் சுத்தி உக்காந்திருந்தோம், ஆஸ்பத்திரியில உக்காந்த மாதிரி. அப்புறம் மச்சான் ஒரு கேனைக் காலால தள்ளிக் கதவுக்குள்ள விட்டான். மோட்டார் கர்ருன்னு இழுத்துச்சு. சிவப்புக் குழாய்ல தண்ணி வந்தப்புறம்தான் சூட்டு ஸ்விட்ச்சைப் போட்டோம், இல்லன்னா வெறும் டேங்க் கருகிரும். முதல்ல வந்த தண்ணியைப் புடிச்சுக் கொட்டினோம். எங்க கொட்டுறதுன்னு கேட்டப்ப, மேஸ்திரி பால்கனிப் பக்கம் போகாம சிங்க்ல கொட்டினாரு.

அன்னைக்கு நான் மூணு டம்ளர் குடிச்சேன், அடுத்தடுத்து. யாருக்கும் கணக்கு இல்ல. மச்சான் அக்காகிட்ட ஃபோன்ல, "மாமா ஒட்டகம் மாதிரி குடிக்கிறாரு"ன்னு சொல்றது கேட்டுச்சு.

ஆனா தண்ணிப் பிரச்சினைதான் தீர்ந்துது. அடுத்த வாரம் மேஸ்திரியை ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. போனாரு, வந்தாரு, நேரா லாரியில ஏறிட்டாரு. வழி முழுக்க அவர் கழுத்தைப் பார்த்துக்கிட்டே போனேன்.

அன்னைக்குப் போன வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூடத்துல ஒரு பெரிய தேக்கு பீரோ நின்னுச்சு. அதைப் பார்த்ததுமே என் இடுப்பு எனக்கு முன்னாடி பேசிருச்சு. அந்த வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு, "இதை யாரு தூக்கப் போறீங்க?"ன்னு கேட்டாரு.

மேஸ்திரி பீரோவைப் பார்த்தாரு. அப்புறம் சமையல்கட்டு வாசல்ல நின்ன அவங்க தண்ணி மெஷினைப் பார்த்தாரு. மேல கவுக்குற வகை, பழசு.

"டேப், நீயும் டிரைவரும் பீரோவுக்கு வார் போடுங்க. அந்தச் சக்கர வண்டியைப் படிக்கு எடுத்துக்கங்க"ன்னாரு. வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சார், இந்த மெஷின்ல தண்ணியோட ஏத்தினா லாரி பூரா நாசமாயிரும். முழுசா வடிக்கணும். இது நிதானமான வேலை, அனுபவஸ்தங்கதான் பண்ணணும். நானும் இவரும் பாத்துக்குறோம்."

வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையா எங்களைப் பார்த்துட்டுப் போனாரு.

சாமான் போன சமையல்கட்டுத் தரையில ரெண்டு பேரும் உக்காந்தோம். அவர் பின்பக்க மூடியைத் திருகினாரு. நான் அடியில ஒரு தட்டைப் பிடிச்சேன். தண்ணி நூல் மாதிரி வந்துச்சு, வெள்ளைத் துகளோட. பாவம், இவங்களும் எலுமிச்சை உப்பு போட்டதில்ல.

"ஆபீஸ்ல கேட்டாங்க"ன்னாரு மேஸ்திரி, தண்ணியைப் பார்த்துக்கிட்டே.

நான் தட்டைக் கெட்டியாப் பிடிச்சேன்.

"எல்லாரும் தூக்குறோம்னுட்டேன்."

"நம்புனாங்களா?"

"அந்த ஆளு என்னைத் தூக்கிக் காட்டச் சொல்லல. அது வரைக்கும் சரி." அவர் கை தன்னால இடுப்புக்குப் பின்னாடி போச்சு. இந்தத் தடவை மறைக்கல. "அடுத்த வருஷம் கேப்பான்."

"அடுத்த வருஷம் என்ன சொல்றது?"

"எனக்கு என்னய்யா தெரியும்? தட்டு ரொம்புது பாரு, கொட்டிட்டு வா."

எழுந்திரிக்கப் போனேன். ஒரு கையால சுவத்தைப் பிடிச்சேன், பத்தல. அவர் தோளை நீட்டினாரு. அதைப் பிடிச்சு எழுந்து நின்னப்ப, சட்டைக்குள்ள அவரோட பெல்ட் கையில தட்டுப்பட்டுச்சு. என்னோடதை விட அகலமானது.

"எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன். நீ தண்ணியைச் சிந்தாம கொண்டு போ."

படியில டேப்பும் மச்சானும் பீரோவோட மல்லுக்கட்டுற சத்தம் கேட்டுச்சு. "அனுபவஸ்தங்களா!"ன்னு டேப் கீழருந்து கத்தினான். "வடிஞ்சிருச்சா இல்லையா?"

"இன்னும் இல்லடா"ன்னு மேஸ்திரி குரல் குடுத்தாரு.

நான் தட்டை சிங்க்ல கவுத்துட்டு வந்து மறுபடி உக்காந்தேன்.